ரயில் பாதை ஓரத்து எஃகுக் குழாய்: ஆனோடு இருந்தும் ஓட்டை விழுகிறது, இன்னும் ஆனோடு போட்டால் சரியாகுமா?

தெற்குக்கரை பராமரிப்பு எழுதியது:

வணக்கம். டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோவுக்கும் ப்ராஸ்பெக்டனுக்கும் இடையே 2.4 கி.மீ. நீளத்துக்கு மண்ணுக்கடியில் போகும் எஃகுக் குழாய். வெளிவிட்டம் 219 மி.மீ., சுவர்த் தடிமன் 6.4 மி.மீ. உள்ளே தொழிற்சாலைத் தண்ணீர், அழுத்தம் 8 பார். மேலே பழைய பிட்டுமென் கண்ணாடியிழைச் சுற்று. இரண்டு முனையிலும் இன்சுலேட்டிங் ஃபிளாஞ்ச் (மின்தொடர்ச்சியைத் துண்டிக்கும் இணைப்பு) இருக்கிறது. மண் கழிமுகக் களிமண், ரெசிஸ்டிவிட்டி 15 ஓம்-மீட்டர் அளவில் நிற்கிறது.

சி.பி.க்கு (கத்தோடிக் ப்ரொடெக்ஷன், குழாய்க்கு மின்சாரம் கொடுத்து அரிப்பைத் தடுப்பது) 14 மக்னீசிய ஆனோடு (குழாய்க்குப் பதில் தான் கரையும் உலோகக் கட்டி), ஹை பொட்டென்ஷியல் வகை, ஒவ்வொன்றும் 14.5 கிலோ. 200 மீட்டருக்கு ஒரு டெஸ்ட் போஸ்ட் (குழாயின் கம்பியை மேலே கொண்டுவந்து அளவெடுக்கும் கம்பம்), வடக்கு முனையில் டி1 தொடங்கி தெற்கே டி13 வரை. ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. தூரத்துக்கு ரயில் பாதை 30 முதல் 60 மீட்டர் இடைவெளியில் கூடவே வருகிறது. டி9 போஸ்டிலிருந்து 250 மீட்டரில் ரயிலின் மின் துணைநிலையம்.

2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் எடுத்த பதிவேட்டில் எல்லா போஸ்டிலும் மைனஸ் 1.00 முதல் மைனஸ் 1.08 வோல்ட், மண்ணில் வைத்து ஒப்பிடும் காப்பர் சல்ஃபேட் எலக்ட்ரோடுக்கு எதிராக. இப்போது கைமீட்டரில் எண் நிற்பதே இல்லை. டி2-இல் மைனஸ் 0.9 முதல் மைனஸ் 2.4 வரை ஆடுகிறது. டி9, டி10 பக்கம் மைனஸ் 1.1-க்கும் மைனஸ் 0.25-க்கும் நடுவே ஊசல்.

டி9-க்கும் டி10-க்கும் இடையே ஓட்டை விழுந்து தோண்டினோம். 12 மி.மீ. துளை, கிண்ணம் மாதிரி வழவழப்பான விளிம்பு, சுற்றிலும் துருச் செதில் ஏறக்குறைய இல்லை. ஒப்பந்தக்காரர், ஆனோடு தேய்ந்துவிட்டது, இன்னும் 14 போட வேண்டும் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்.

போட்டால் தீருமா? இல்லையென்றால் எதை, எப்படி அளப்பது? ஓட்டைக்கு இப்போது கிளாம்ப் மட்டும் மாட்டியிருக்கிறது. நிரந்தரமாக எப்படி அடைப்பது?

---

அளவைக்காரர் பதில்:

தம்பி, ஆனோடுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதிய அறிகுறி எல்லாம் ஸ்ட்ரே கரண்டை, அதாவது வழிதவறி மண்ணில் ஓடும் மின்சாரத்தைக் காட்டுகிறது. டர்பன் புறநகர் ரயில் 3 கிலோவோல்ட் டி.சி.யில் ஓடுகிறது. மேல்கம்பி நேர்முனை, தண்டவாளம் திரும்பும் வழி. தண்டவாளத்துக்கும் மண்ணுக்கும் இடையே முழு இன்சுலேஷன் எங்கும் கிடையாது. ரயில் மின்சாரம் இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்டவாளம் மண்ணைவிட நேர்மறையாகி, கொஞ்சம் மின்சாரம் மண்ணில் இறங்கும். அந்த ஈர மண்ணை விட நல்ல கடத்தி உங்கள் குழாய். அதில் ஏறி, துணைநிலையம் வரும்வரை பயணித்து, அங்கே இறங்கித் தண்டவாளத்துக்குப் போகிறது. ஏறும் இடத்தில் குழாய்க்கு இலவசப் பாதுகாப்பு, டி2-இல் மைனஸ் 2.4 வருவது அதனால்தான். இறங்கும் இடத்தில் இரும்பு கரையும். உங்கள் டி9 துணைநிலையத்துக்கு எதிரிலேயே நிற்கிறது.

கரையும் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் இரும்பிலிருந்து மண்ணுக்குப் போனால் 9.1 கிலோ இரும்பு போய்விடும். ஒரு ஆம்பியர் கூட வேண்டாம், 1 சதுர செ.மீ. கோட்டிங் ஓட்டையில் சராசரி 10 மில்லி ஆம்பியர் வெளியேறினால் போதும். வருஷத்துக்கு 91 கிராம், அதாவது 11.6 கன செ.மீ. உங்கள் 6.4 மி.மீ. சுவரில் அந்தப் பரப்புக்குக் கீழே இருக்கும் இரும்பே 0.64 கன செ.மீ.தான். சுமார் 20 நாளில் குடைந்துவிடும். குழி பக்கவாட்டில் விரிவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

பழைய பதிவேடு ஏன் அழகாக இருந்தது? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் புறநகர்ப் பாதைகள் அடித்துப்போய், சேவை நின்று, பிறகு கட்டம் கட்டமாகத்தான் திரும்பியது. உங்கள் அளவு ரயில் ஓடாத காலத்தின் அளவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை ‘குழாய் ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த அடிப்படை அளவு’ என்று வைத்துக்கொண்டு, இன்றைய சரிவுக்கு ஆனோடு தேய்மானத்தைக் காரணம் காட்டினால் கணக்கு தடம் மாறும். எந்தத் தேதியில் அந்தப் பாதையில் ரயில் ஓடியது என்று பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

ஆனோடு உண்மையில் போதுமா என்பதையும் பார்த்துவிடலாம். குழாய்ப் பரப்பு 1,650 சதுர மீட்டர். பழைய பிட்டுமென் சுற்றுக்குத் தாராளமாக சதுர மீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் வைத்தால் மொத்தத் தேவை 1.65 ஆம்பியர். பையோடு சேர்த்து 1 மீட்டர் நீளம், 200 மி.மீ. விட்டம் உள்ள செங்குத்து ஆனோடுக்கு 15 ஓம்-மீட்டர் மண்ணில் தடை 6.4 ஓம் வரும். தள்ளும் அழுத்தம் 0.75 வோல்ட். ஒன்றுக்கு 117 மில்லி ஆம்பியர், 14-க்கு 1.6 ஆம்பியர். ஆயுள் கிலோவுக்கு 1,100 ஆம்பியர்-மணி, பயன்பாடு 85 சதவீதம் என்று போட்டால் 13 வருஷம். போட்டு எத்தனை வருஷம் ஆனது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்க வைக்கும் சிறு தடை) வைத்து அளந்தால் தேய்ந்ததா இல்லையா என்பது அரை நாளில் தெரியும். வடிவமைப்பு சரி. இன்னொரு 14 போட்டால் இன்னொரு 1.6 ஆம்பியர் கிடைக்கும். ரயில் தள்ளும் மின்சாரம் அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். அதோடு, டி2 பக்கம் போடும் ஒவ்வொரு புது ஆனோடும் மண்ணில் இறக்கிய நல்ல எர்த். ஸ்ட்ரே கரண்ட் ஏறுவதற்கு இன்னொரு வாசல் திறந்துவிட்டதாக ஆகும்.

அளப்பது இப்படி. கைமீட்டரைத் தூக்கி வையுங்கள். டேட்டா லாகர் (தானே அளவைப் பதியும் கருவி) குறைந்தது மூன்று வேண்டும்: டி2, டி6, டி9. கடிகாரம் மூன்றிலும் ஜி.பி.எஸ். நேரத்துக்கு ஒத்திருக்கட்டும். வினாடிக்கு ஒரு அளவு, குறைந்தது 24 மணி நேரம், கூடுமானால் வார நாளும் ஞாயிறும் சேர்ந்து வரும்படி. டி9-இல் இன்னொரு சேனலில் குழாய்க்கும் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள வோல்டேஜ். அதற்கு ரயில்காரர்களின் ஆள் கூட இருக்க வேண்டும், நீங்களாகத் தண்டவாளத்தில் கம்பி மாட்டாதீர்கள். டி2 ஆனோடின் கம்பியில் ஒரு ஷண்ட் வைத்து அதன் மின்னோட்டத்தையும் பதியுங்கள். அது திசை மாறுகிறதா என்று தெரிந்தால் பாதி விஷயம் முடிந்தது.

ஆனோடைத் துண்டித்து ‘இன்ஸ்டன்ட் ஆஃப்’ (துண்டித்த அதே கணத்து அளவு) எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஆனோடைத் துண்டிக்கலாம், ரயிலைத் துண்டிக்க முடியாதே. மண்ணில் ஓடும் ஸ்ட்ரே கரண்டின் ஐ.ஆர். பிழை (மண்ணின் தடையில் விழும் வோல்ட்) அந்த எண்ணில் அப்படியே இருக்கும். அதனால் டி2, டி9 இரண்டிலும் கூப்பன் (குழாய்க்குப் பதிலாக அளக்கும் சின்ன எஃகுத் துண்டு) புதையுங்கள். 10 சதுர செ.மீ. வெற்று எஃகு, குழாயின் ஆழத்திலேயே, அதே மண்ணில். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி அதன் வழியாக ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை இறக்குங்கள், எலக்ட்ரோடு முனை கூப்பனிலிருந்து சில செ.மீ.க்குள் இருக்கட்டும். கூப்பன் கம்பியை டெஸ்ட் போஸ்டில் சுவிட்ச் வழியாகக் குழாயோடு சேர்த்து, குறைந்தது இரண்டு வாரம் ஊறவிட்டு, பிறகு கூப்பனை மட்டும் துண்டித்து 0.3 வினாடியில் படியுங்கள். குழாய் சி.பி.க்கான தரவிதி ஐ.எஸ்.ஓ. 15589-1 சொல்லும் மைனஸ் 850 மில்லிவோல்டை அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். நீங்கள் இப்போது எடுத்த ‘ஆன்’ அளவோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

---

பூச்சு ஆய்வர் பதில்:

அண்ணன் சொன்னதில் எனக்குத் தொண்ணூறு பங்கு உடன்பாடு. ஆனால் கழிமுகக் களிமண் என்றதும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போவேன். காற்றுப் படாத கறுப்புக் களியில் சல்ஃபேட்டைக் குறைக்கும் பாக்டீரியாவும் கிண்ணக் குழி போடும், அடியில் இரும்பு பளபளக்கும். வித்தியாசம் குழிக்குள் கிடக்கும் பொருளில் இருக்கிறது. குழியிலிருந்து கறுப்புக் களிம்பை எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். அழுகிய முட்டை வாடை வந்து, மேலே பிடித்த லெட் அசிடேட் தாள் கறுத்தால் சல்ஃபைடு இருக்கிறது. அப்போது இலக்கு மைனஸ் 850 போதாது, மைனஸ் 950 வேண்டும். இரண்டும் சேர்ந்தும் வரும்.

இனி அடைப்பு விஷயம். பழைய சுற்றைச் சுரண்டுவதற்கு முன் ஒரு துண்டைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். பழைய தார், பிட்டுமென் சுற்றுகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஃபெல்ட் இருப்பது சகஜம். முடிவு வரும்வரை கிரைண்டர் வேண்டாம், ஈரமாக்கிக் கையால்தான் எடுக்க வேண்டும்.

கிளாம்ப் மாட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அதன் உள்ளே ரப்பர். கிளாம்பின் உடம்பு குழாயோடு மின்தொடர்பில் இல்லை. சி.பி. அதற்குக் கிடைக்காது, போல்ட் முதலில் போகும். கிளாம்புக்கும் குழாய்க்கும் ஒரு கம்பி இணைப்புக் கொடுங்கள். அதைவிட முக்கியம், குழாயில் எங்காவது பழுது பார்க்கும்போது வைக்கிங் ஜான்சன் மாதிரி ஃப்ளெக்சிபிள் கப்ளிங் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். தண்ணீர் லைன்களில் இதை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை. கப்ளிங் இருக்கும் இடத்தில் மின்தொடர்ச்சி அறுந்து, மின்சாரம் மண் வழியாகக் கப்ளிங்கைச் சுற்றிப் போகும். வெளியேறும் பக்கத்தில் வரிசையாகக் குழி விழும். இணைப்புக் கம்பி இரண்டு போட வேண்டும், ஒவ்வொன்றும் 16 சதுர மி.மீ., ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும்.

கம்பியைக் குழாயில் ஒட்டுவது தெர்மிட் வெல்ட் என்றால் 15 கிராம் தோட்டாவுக்கு மேல் போகாதீர்கள். முதலில் அந்த இடத்தில் அல்ட்ராசோனிக் மீட்டரால் தடிமன் பாருங்கள். அரித்து மெலிந்த சுவரில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது தெர்மிட் வைத்தால் ஒட்டாமல் உதிரும், இல்லையென்றால் துளைத்துவிடும். பின் பிரேசிங் கருவி கிடைத்தால் அது மேல்.

துளையைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு 25 மி.மீ. கட்டம் போட்டுத் தடிமன் அளந்து, நல்ல சுவர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, முழுச் சுற்று ஸ்லீவ் வெல்ட் செய்யுங்கள். சின்னத் தகட்டை ஒட்டுப் போடும் பழக்கத்தை இந்த இடத்தில் செய்யாதீர்கள், அடுத்த குழி தகட்டின் ஓரத்தில் வரும்.

மேல்பூச்சுக்கு விஸ்கோ எலாஸ்டிக் சுற்று அல்லது பெட்ரோலேட்டம் டேப், அதுவும் டென்சோ வகை. இரண்டுக்கும் கம்பித் தூரிகையால் எஸ்.டி. 3 சுத்தம் போதும், ஈரத்தையும் கொஞ்சம் தாங்கும். லிக்விட் எபாக்ஸி பூச வேண்டுமென்றால் மணல் வீசி எஸ்.ஏ. 2½ தரம் வேண்டும், இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய், டர்பன் கோடைக் காற்று, இரண்டும் சேர்ந்தால் குழாய் வியர்த்துக்கொண்டே இருக்கும். குழிக்குள் எபாக்ஸி வேலை நாள் முழுக்க நடக்காது. ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் பழைய பிட்டுமென் மேல் ஒட்டுவதை நம்பாதீர்கள், டார்ச் சூட்டில் பிட்டுமென் இளகி வழுக்கும். எந்தச் சுற்றானாலும் பழைய நல்ல பூச்சின் மேல் 150 மி.மீ. ஏறி வர வேண்டும். சுற்றுக்குச் சுற்று பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று வரட்டும். மூடும் முன் ஹாலிடே டிடெக்டர் (பூச்சில் விட்டுப்போன துளையைக் காட்டும் கருவி) ஓட்டி, 150 மி.மீ. கல்லில்லாத மணலை அடியிலும் பக்கத்திலும் இட்டு நிரப்புங்கள்.

ஆனால் இதைக் கவனியுங்கள். டி9, டி10 நடுவே மட்டும் புதுப் பூச்சை அழகாகப் போட்டுவிட்டு மின்சாரத்துக்கு வழி சொல்லாமல் மூடினால், அதே மின்சாரம் மிச்சமிருக்கும் ஒரு குண்டூசித் துளை வழியாக வெளியேறும். பரப்பு குறைந்தால் அடர்த்தி கூடும், அடுத்த ஓட்டை இதைவிடச் சீக்கிரம் வரும். பூச்சுக்குச் செலவு செய்ய ஒரே இடம்தான் காசு இருக்கிறது என்றால், மின்சாரம் ஏறும் டி1 முதல் டி4 வரை செய்வது புத்திசாலித்தனம்.

---

தெற்குக்கரை பராமரிப்பு எழுதியது:

இருவருக்கும் நன்றி ஐயா. சல்ஃபைடு சோதனை செய்தோம். வாடை இல்லை, தாள் கறுக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி அனுப்பியாகிவிட்டது. கப்ளிங் ஒன்று டி5 பக்கத்தில் கண்டுபிடித்தோம், மின்தொடர்ச்சி இல்லாமல் கிடந்தது, இரண்டு கம்பி போட்டாயிற்று.

லாகர் பதிவு, வியாழன் முதல் ஞாயிறு வரை, கப்ளிங் இணைத்த பிறகு எடுத்தது:

டி2 சராசரி மைனஸ் 1.35 வோல்ட், ஆழமான அளவு மைனஸ் 2.6. அங்குள்ள ஆனோடின் மின்னோட்டம் காலை நெரிசல் நேரத்தில் திசை மாறி 0.4 ஆம்பியர் வரை உள்ளே வருகிறது.
டி6 சராசரி மைனஸ் 1.0, ஆட்டம் குறைவு.
டி9 சராசரி மைனஸ் 0.58. காலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே சில வினாடிகள் பிளஸ் 0.15 வரைகூடப் போகிறது.
இரவு 1 முதல் 3 மணி வரை எல்லா இடத்திலும் மைனஸ் 1.02 பக்கம் அமைதி.

டி9-இல் குழாய், தண்டவாளத்தைவிட 1 முதல் 6 வோல்ட் நேர்மறை. எப்போதாவது தலைகீழாகி மைனஸ் 3 வோல்ட். குழாயிலிருந்து தண்டவாளத்துக்கு ஒரு கனமான கம்பி போட்டுவிட்டால் மின்சாரம் மண்ணைத் தொடாமல் வீட்டுக்குப் போய்விடும், சரிதானே?

---

அளவைக்காரர் பதில்:

இரவு மைனஸ் 1.02 என்பதே ஒப்பந்தக்காரருக்கு விடை. ரயில் இல்லாதபோது 14 ஆனோடும் வேலையைச் செய்கின்றன. மதிப்பீட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

கப்ளிங்கை இணைத்த பிறகு டி9 முன்பைவிடக் கெட்டிருக்கும், கவனித்தீர்களா தெரியவில்லை. அது எதிர்பார்த்ததுதான். நீண்ட தொடர்ச்சியான கடத்தி ரயிலிலிருந்து அதிகமாகப் பிடிக்கும். கப்ளிங் இணைப்பு சரியான வேலை, ஆனால் அதைச் செய்தபின் வடிகால், அதாவது குழாயிலிருந்து தண்டவாளத்துக்கு மின்சாரத்தைக் கம்பி வழியாகத் திருப்பும் ஏற்பாடு, இல்லாமல் நாள் கடத்த முடியாது.

கம்பியை நேராகப் போடலாமா? கூடாது. எப்போதாவது தலைகீழாகி மைனஸ் 3 வோல்ட் வருகிறதே, அந்தக் கணங்களில் தண்டவாளத்திலிருந்து குழாய்க்கு மின்சாரம் பாயும். பக்கத்துத் துணைநிலையம் நின்றாலோ, ரயில் பிரேக் போடும்போது மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பிக் கொடுத்தாலோ அப்படி ஆகும். வெறும் கம்பி அந்த மின்சாரத்தை வரவேற்று வேறெங்கோ இறக்கிவிடும். நடுவே டயோடு வேண்டும். உங்கள் 1 முதல் 6 வோல்ட், சிலிக்கான் டயோடின் 0.7 வோல்ட் வீழ்ச்சியைத் தாண்டிவிடுகிறது. சாதாரண டயோடு வடிகாலே போதும். அரை வோல்டில் முனகிக்கொண்டிருந்தால் ரெக்டிஃபையர் வைத்து இழுக்கும் வடிகால் தேவைப்பட்டிருக்கும்.

எங்கே இணைப்பது என்பதில்தான் ஆபத்து. தண்டவாளத்தில் சிக்னலுக்கான டிராக் சர்க்யூட் (ரயில் இருப்பதைக் கண்டறியும் மின்சுற்று) ஓடுகிறது. ஒற்றைத் தண்டவாளத்தில் கம்பியைக் கட்டினால் இரண்டு தண்டவாளத்தின் சமநிலை போய், சிக்னல் தவறும். இம்பீடன்ஸ் பாண்டின் (இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கும் சுருள்) நடுப்புள்ளியில் கட்டலாம், அல்லது துணைநிலையத்தின் எதிர்முனைப் பஸ்பாரில் (மின்சாரம் வந்து சேரும் உலோகப் பட்டை). இரண்டும் ரயில் நிர்வாகம் எழுத்தில் அனுமதி கொடுத்து, அவர்கள் ஆளே செய்ய வேண்டிய வேலை. உங்கள் நிலைமைக்குப் பஸ்பார்தான் நல்லது, வேலிக்குள் இருக்கும்.

கம்பி 250 மீட்டர், 70 சதுர மி.மீ. செம்பு என்றால் தடை 0.06 ஓம் சொச்சம். 15 ஆம்பியருக்கு ஒரு வோல்ட் அளவுக்கு வீழ்ச்சி, தாங்கும். முதலில் தற்காலிகமாக ஒரு சோதனை வடிகால்: கம்பி, டயோடு, 50 ஆம்பியர் 50 மில்லிவோல்ட் ஷண்ட், லாகர். தடை எதுவும் வைக்காமல் 24 மணி நேரம். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, டி9 எங்கே போய் நிற்கிறது, டி13 என்ன ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் டி9 தேவைக்கு மேல் எதிர்மறையாகப் போகும். அப்போது நிக்ரோம் தடையைச் சேர்த்துக் குறைக்க வேண்டும். கூப்பன் ஆஃப் அளவு நாள் முழுக்க மைனஸ் 0.85-க்கு மேல் ஏறாமலும், மைனஸ் 1.2-க்குக் கீழே இறங்காமலும் இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகமாக இழுத்தால் பிட்டுமென் உரியும். அதோடு பக்கத்துக் குழாய்க்காரர்களின் மின்சாரத்தையும் சேர்த்து இழுப்பீர்கள், அவர்கள் குழாயிலிருந்து உங்கள் குழாய்க்குத் தாவும் இடத்தில் அவர்களுக்கு ஓட்டை. அந்தப் பகுதியில் குழாய் மேல் குழாய் ஓடுகிறது. சோதனை நாளன்று குறுக்கே போகும் லைன்களின் உரிமையாளர்களையும் அழைத்து, அவர்கள் போஸ்டிலும் லாகர் வையுங்கள்.

நிரந்தரப் பெட்டியில் டயோடு 1,200 வோல்ட் எதிரழுத்தம் தாங்குவதாக, நல்ல ஹீட் சிங்க்குடன் இருக்கட்டும். ஃபியூஸ் சோதனையில் கண்ட உச்ச மின்னோட்டத்தைவிட ஒன்றரை மடங்கு. சர்ஜ் அரெஸ்டர், ஷண்ட், தனிமைப்படுத்தும் சுவிட்ச். ஃபியூஸ் போனால் யாருக்கும் தெரியாது, குழாய் மறுபடி கரையத் தொடங்கும். ஷண்டில் ஒரு தொலைக்கண்காணிப்பு அலகு மாட்டி, சில மணி நேரம் பூஜ்யம் காட்டினால் செய்தி வரும்படி செய்யுங்கள். இரவுப் பூஜ்யத்தைப் பழுது என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க நேர வரம்பு வையுங்கள்.

அனுமதிக் காகிதம் மாதக்கணக்கில் இழுத்தால் இடைக்காலத்துக்கு ஒரு வழி இருக்கிறது. டி1 முதல் டி4 வரையுள்ள ஆனோடுகளைத் துண்டியுங்கள், அந்தப் பக்கம் ரயிலே பாதுகாப்புக் கொடுக்கிறது. இரவு அளவு மைனஸ் 0.85-க்கு மேல் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டி9-இல் ஆறு மக்னீசிய ஆனோடை, 3 மீட்டர் இடைவெளியில், குழாய்க்கும் ரயிலுக்கும் நடுவே புதைத்து இணையுங்கள். ஒப்பந்தக்காரர் ஆசைப்பட்ட ஆனோடில் ஏறக்குறைய பாதி இப்படிப் பயன்படும். மின்சாரம் இரும்பை விட்டு மக்னீசியம் வழியாக மண்ணுக்கு இறங்கும். சராசரி 2 ஆம்பியர் என்றால் வருஷத்துக்கு 16 கிலோ மக்னீசியம் போகும், 87 கிலோவில் பயன்படக்கூடிய 74 கிலோ நான்கரை வருஷம் வரும். ஆனால் உச்ச நேரத்துக்கு இது போதாது, காலை எட்டு மணிக்கு முன்பான கூர்முனைகள் கொஞ்சம் இரும்பு வழியாகவும் போகும். வடிகாலுக்கு மாற்றாக இதை நினைக்காதீர்கள்.

டி6-இல் இன்னொரு இன்சுலேட்டிங் ஃபிளாஞ்ச் போட்டுக் குழாயைத் துண்டாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். மின்சாரம் குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு பெரிய இறங்குமிடத்துக்குப் பதில் இரண்டு இறங்குமிடம் கிடைக்கும், உள்ளே தண்ணீர் வேறு. உப்பு கலந்த தண்ணீர் ஃபிளாஞ்சைத் தாண்டி உள்வழியாக மின்சாரத்தைக் கடத்தி, ஒரு பக்கத்து உட்சுவரைத் தின்னும். செய்வதானால் ஃபிளாஞ்சின் இரு பக்கமும் உட்பூச்சு சில விட்ட தூரத்துக்காவது வேண்டும்.

---

வடகரை மின் பதில்:

ரிச்சர்ட்ஸ் பே பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலக்கரிப் பாதை 25 கிலோவோல்ட் ஏ.சி. அங்கே பிரச்சினை வேறு மாதிரி. இதைப் படித்துவிட்டு யாராவது ஏ.சி. பாதை ஓரத்தில் டயோடு வடிகால் போடாதீர்கள், டயோடு ஏ.சி.யைத் திருத்தி டி.சி.யாக்கி வேறு வினையைக் கொண்டுவரும். ஏ.சி.க்கு ஐ.எஸ்.ஓ. 18086 இருக்கிறது. குழாயில் சராசரி 15 வோல்ட் தாண்டக் கூடாது, 1 சதுர செ.மீ. கூப்பனில் சதுர மீட்டருக்கு 30 ஆம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். தீர்வு டிகப்ளர் (ஏ.சி.யை விட்டு டி.சி.யைத் தடுக்கும் கருவி) வழியான எர்த்திங். தெற்குக்கரைத் தம்பியும் ஒருமுறை லாகரில் ஏ.சி. வோல்ட் பார்த்துவிடலாம், மேலே உயர் அழுத்தக் கம்பி போனால் இரண்டும் சேர்ந்தே இருக்கும். 15 வோல்டுக்கு மேல் இருந்தால் டெஸ்ட் போஸ்டைத் தொடுபவருக்கே ஆபத்து.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. 250 மீட்டர் 70 சதுர மி.மீ. செம்புக் கம்பி 150 கிலோவுக்கு மேல். இந்த நாட்டில் அது எவ்வளவு நாள் மண்ணுக்குள் இருக்கும்? வாய்க்கால் ஒரு மீட்டர் ஆழம், மேலே மெலிந்த கான்கிரீட் படுகை, கம்பி வெளியே தெரியும் இடம் இரண்டே: குழாய் முனை, பஸ்பார் முனை. பஸ்பார் முனை வேலிக்குள். குழாய் முனையில் பெட்டி வைக்காதீர்கள், நேராகக் குழாயில் ஒட்டிப் பிசின் ஊற்றி மூடுங்கள். டயோடு பெட்டி துணைநிலையத்துக்குள்ளேயே. டெஸ்ட் போஸ்டுக்கு இரும்புப் பெட்டியும் பித்தளைத் திருகும் போட்டால் இரண்டும் பழைய இரும்புக்குப் போகும். கான்கிரீட் போஸ்ட், 6 சதுர மி.மீ. அளவுக் கம்பி, உள்ளே கம்பியைச் சுருட்டி வைக்காமல் நறுக்கிய நீளம். அளவெடுக்க அது தாராளம். கம்பி திருடு போன பிறகும் குழாய் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும், அதனால் அளவைக்காரர் சொன்ன தொலைக்கண்காணிப்பை முதல் நாளே போடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

---

தெற்குக்கரை பராமரிப்பு எழுதியது:

அனுமதிக்கு எழுதிவிட்டோம். இடைக்கால ஆறு ஆனோடு அடுத்த வாரம். ஒரே ஒரு சின்னக் கேள்வி. டி10-இல் இரண்டு காப்பர் சல்ஃபேட் எலக்ட்ரோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 40 மில்லிவோல்ட் வித்தியாசம் காட்டுகிறது. எதை நம்புவது?

---

அளவைக்காரர் பதில்:

இரண்டையும் நம்பாதீர்கள், புதிதாகக் கரைசல் நிரப்பிய மூன்றாவது ஒன்றை அலுவலகத்திலேயே வைத்திருந்து அதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 மில்லிவோல்டுக்கு மேல் இருந்தால் கழற்றி, செம்புக் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து, வடிகட்டிய தண்ணீரில் நீலப் படிகம் அடியில் கரையாமல் மிஞ்சும் அளவுக்குக் கரைத்து நிரப்புங்கள். கழிமுக மண்ணில் உப்பு அதிகம், குளோரைடு நுண்துளை அடைப்பான் வழியே உள்ளே போய் அளவைக் கெடுக்கும். அதனால் டி9 கூப்பனுக்கு நிரந்தரமாகப் புதைக்கப் போவது துத்தநாக எலக்ட்ரோடாக இருக்கட்டும். அப்போது மைனஸ் 850-க்குச் சமம் துத்தநாகத்துக்கு எதிராக பிளஸ் 250 மில்லிவோல்ட் என்று போஸ்டின் மூடிக்குள்ளேயே எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் அடுத்து வருபவர் நேர்க்குறியைப் பார்த்துப் பதறுவார். கண்ணாடி ஜன்னல் வைத்த எலக்ட்ரோடு என்றால் அந்தப் பக்கம் கறுப்பு டேப் சுற்றுங்கள், நேர் வெயில் பட்டாலே பத்து இருபது மில்லிவோல்ட் நகரும்.